அரைக்கைக்கு மாறும் நாள்

ஏப்ரல் 10, திங்கள்

புதுப் பள்ளியில் முதல் நாள். பழைய பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் என்னை வழியனுப்பும்போது இந்த டைரியைக் கையில் திணித்தார். "சுந்தர் சென்செய், உங்களிடம் சக்தி அதிகம். தினமும் கொஞ்சம் எழுதுங்கள், மனம் அமைதிப்படும்" என்று சிரித்தார். சென்செய் என்றால் ஜப்பானில் வாத்தியார். இந்த நாட்டில் ஒருவனைக் கன்னத்தில் அறைய வேண்டுமென்றால் இப்படித்தான் அறைவார்கள், கையைத் தூக்காமல், குனிந்து வணங்கிக்கொண்டு. வகுப்பில் ஒரே ஒருமுறை மேசையை ஓங்கிக் குத்தினேன். அதற்காக என்னை நகரத்தின் மறுகோடிக்குத் தூக்கியடித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் பக்கத்து நிலையமான நிஷிகசாயில் ஏறி, நடுவில் ஒரு ரயில் மாறி, பிறகு ஒரு நடை. முதல் ரயிலில் வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் ஆட்களை உள்ளே அமுக்கிக் கதவைச் சாத்துகிறார். எவனோ ஒருவனின் முழங்கை என் விலாவில் குடியேறிவிட்டது. அதைப் பிடித்துப் பின்பக்கம் முறுக்கினால் என்ன சத்தம் வரும் என்று யோசித்துக்கொண்டே போனேன். அவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

பள்ளி பரவாயில்லை. நடுநிலைப் பள்ளி. நான் ஆங்கில உதவி ஆசிரியர். முதன்மை ஆசிரியர் பாடம் நடத்துவார், நான் பேசிக் காட்டுவேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். திருப்பிச் சொல்ல வைப்பதில் நான் கெட்டிக்காரன். வாய் திறக்காத பிள்ளையைக்கூட ஒரு வாரத்தில் பேச வைத்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்தால் மகள் தாரிகா சாம்பார்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் கையில் நிதானம் வேண்டாமா? கொஞ்சம் கண்டிக்க வேண்டியதாயிற்று. என் மனைவி செண்பகம் அவளை உள்ளறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் தனியாகச் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

யாரோ ரயில் முன்னால் பாய்ந்துவிட்டார்கள். 'மனித விபத்து' என்று அறிவித்தார்கள். அறிவித்தவரின் குரலில் ஏதோ பால் பாக்கெட் தீர்ந்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கும் பவ்வியம். எங்கள் பெட்டியில் ஒருவரும் நிமிரவில்லை. எல்லாரும் செல்போனில் தாமதத்தைத் தட்டி அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். என் பக்கத்தில் நின்ற கோட்டுக்காரன் நாக்கால் 'ச்' கொட்டினான். போயும் போயும் காலை நேரத்திலா என்கிற மாதிரி.

அந்த 'ச்'சுக்கு அவன் பல்லை உடைத்திருக்க வேண்டும். கை மடங்கியே விட்டது. சக்கரத்துக்குக் கீழே ஒரு உயிர் கிடக்கிறது, இவனுக்குக் கூட்டம் தாமதமாகிறதாம். மனுஷத்தன்மை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?

இறங்கும்போது தாமதச் சீட்டு கொடுத்தார்கள். பள்ளியில் காட்டினால் போதும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஏப்ரல் 19, புதன்

ஏழாம் வகுப்பில் ஹொனொகா என்று ஒரு பெண். குடும்பப் பெயர் குரிஹாரா. கடைசி வரிசை, சுவரோரம். இன்று அவளுடைய தகரப் பென்சில் டப்பா கீழே விழுந்து வகுப்பே அதிர்ந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் அவள் எழுந்து நின்று மன்னிப்பு, மன்னிப்பு என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் குனிந்து டப்பாவை எடுத்துக் கொடுக்கப் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தாள். கை எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று கண் கூடவே வந்தது.

இந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே என்று ரயில் முழுக்க யோசித்தேன், பிடிபடவில்லை.

ஏப்ரல் 23, ஞாயிறு

சாதம் வைக்கும் குக்கரின் மூடி உடைந்துவிட்டது. கை தவறிவிட்டது. செண்பகம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். ஊரே மாஸ்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டது, இவள் மட்டும் இன்னும் மாஸ்க்கோடு கடைக்குப் போகிறாள். "கோவில்பட்டிக்காரிக்கு இன்னும் கொரோனா முடியலையாக்கும்" என்று கேலி செய்தேன். சிரிக்கவும் தெரியாத ஜென்மம்.

லிஃப்ட்டில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். இரவு நேரத்தில் பிறருக்குத் தொந்தரவு தரும் சத்தங்களைத் தவிர்க்கவும் என்று, பக்கத்தில் கண்ணீர் விடும் முயல் பொம்மை. எங்கள் மாடியைத்தான் சொல்கிறார்கள். நேரில் வந்து கேட்க ஒருவனுக்கும் தைரியம் கிடையாது. முயலைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மே 2, செவ்வாய்

தாரிகாவின் வகுப்பாசிரியர் வீட்டுக்கு வந்தார். இங்கே அது ஒரு வழக்கம். வசந்தத்தில் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளை வீட்டு வாசலுக்கும் வந்து நின்று பேசிவிட்டுப் போவார். டீ வைத்தாலும் குடிக்க மாட்டார். நான் லீவு போட்டுவிட்டு இருந்தேன். செண்பகத்தைத் தனியாக விட்டால் அரைகுறைப் பாஷையில் ஏதாவது உளறிவைப்பாள். இத்தனை வருஷமாகியும் நன்றி, மன்னிக்கவும், இது என்ன விலை. அவ்வளவுதான் அவளுடைய ஜப்பான் பாஷை.

வந்தவர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். "தாரிகா மிகவும் அமைதியான பிள்ளை. கொஞ்சம் அதிகமாகவே அமைதி" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் கண் சுவரிலேயே இருந்தது.

"காலண்டரை ஏன் இவ்வளவு தாழ்வாக மாட்டியிருக்கிறீர்கள்?"

"பிள்ளை உயரத்துக்கு இருக்கட்டும் என்றுதான்" என்றேன்.

நல்ல வழக்கம், பிள்ளைக்குத் தேதி தெரியும் என்று பாராட்டிவிட்டுப் போனார். இந்த ஊர்ச் சுவர்களுக்கு உள்ளே ஒன்றுமே கிடையாது. வெறும் அட்டை. நம் ஊர்ச் சுவரென்றால் கைதான் உடையும்.

மே 17, புதன்

திரும்பி வரும் ரயிலில் ஒரு வாலிபன் என்னை இடித்துவிட்டு, வெளிநாட்டுக்காரன் என்று ஏதோ முணுமுணுத்தான். சட்டையைப் பிடித்துக் கதவோடு கதவாக அறைந்தேன். தலை கண்ணாடியில் மோதி 'தொப்' என்றது. பெட்டி நிறைய ஆட்கள். ஒருவராவது கேட்க வேண்டுமே! எல்லாரும் செல்போனுக்குள் போய்விட்டார்கள். அவன் அடுத்த நிலையத்தில் இறங்கி ஓடினான், தலையைப் பிடித்துக்கொண்டு.

சொல்லக் கூடாதுதான், சந்தோஷமாக இருந்தது. தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஒரு சூடு. நல்ல மனநிலையில் வீட்டுக்குப் போனேன், வாசலிலேயே கூப்பிட்டுச் சிரித்துப் பேசினேன். நான் சிரித்தால் இவர்கள் இருவரும் ஏன் சுவரோடு ஒண்டுகிறார்களோ தெரியவில்லை. தாரிகா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிரத்தின் மேல் ஆசை போலிருக்கிறது.

ஜூன் 1, வியாழன்

இன்றைக்கு உடை மாறும் நாள். ஜூன் முதல் தேதி பிறந்தால் இந்த நாட்டில் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் குளிர்காலச் சீருடையைக் கழற்றிவிட்டு அரைக்கைச் சட்டைக்கு மாறிவிடுவார்கள். நேற்று வரை கருநீலமாக இருந்த வகுப்பு இன்று பளிச்சென்று வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவே ஹொனொகா மட்டும் முழுக்கை விளையாட்டு ஜாக்கெட், கழுத்து வரை ஜிப். வியர்வை தாடையில் சொட்டுகிறது.

"குளிர்கிறது, சென்செய்" என்றாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் நேரே மருத்துவ அறைக்குப் போனேன். அங்கே இருப்பவர் தெராஷிமா சென்செய், பள்ளியின் நலப் பொறுப்பாசிரியை, ஐம்பதைத் தாண்டியவர், சன்னக் குரல். அந்தப் பெண்ணை வீட்டில் அடிக்கிறார்கள் என்று சொன்னேன்.

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

சொன்னேன். சாமான் விழுந்தால் யாரும் திட்டும் முன்பே மன்னிப்புக் கேட்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் மென்று கொண்டிருப்பதை நிறுத்திவிடுவாள். நாம் சிரித்தால் இன்னும் அதிகமாகப் பயப்படுவாள், ஏனென்றால் சிரிப்பு எப்போது முடியும் என்று அவளுக்குத் தெரியாது. காயம் எப்போதும் சட்டை மறைக்கிற இடத்தில்தான் இருக்கும், ஏனென்றால் அடிக்கிறவன் கோபத்தில் இருந்தாலும் அதில் மட்டும் கவனமாக இருப்பான்.

தெராஷிமா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நான் இந்த வேலையில் முப்பது வருஷம் இருக்கிறேன். இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை" என்றார். ஆசிரியனுக்குக் கண் வேண்டாமா என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்குக் குழந்தை உண்டா?" என்று கேட்டார். ஒரு பெண் என்றேன்.

அவர் ஹொனொகாவைத் தனியாகக் கூப்பிட்டு ஜாக்கெட்டைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். மேல்கை, முதுகு முழுக்கப் பெல்ட் தடம். பழையதன் மேல் புதியது. தகப்பன்.

ஜூன் 2, வெள்ளி

குழந்தைகள் நல மையத்திலிருந்து ஆட்கள் வந்து ஹொனொகாவைப் பள்ளியிலிருந்தே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். தலைமையாசிரியர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று எனக்கு நன்றி சொன்னார். எல்லாரும் குனிந்தார்கள். பழைய பள்ளிக்காரன்கள் பார்த்திருக்க வேண்டும்.

வீட்டில் சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். செண்பகம் வழக்கமாக உம் கொட்டுவதோடு சரி. இன்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். என் வேலையைப் பற்றி அவள் இவ்வளவு அக்கறையாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"போன் போட்டா உடனே வருவாகளா?"

"மூணே நம்பர்தான். யாரு வேணாலும் போடலாம். ரெண்டு நாளைக்குள்ள பிள்ளைய நேர்ல பாத்தாகணும்னு சட்டம்."

"யாரு போட்டாகன்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிராதா?"

"செத்தாலும் சொல்ல மாட்டாக. பிள்ளைய எங்க வச்சிருக்காகன்னும் சொல்ல மாட்டாக. அவன் தலகீழா நின்னாலும் நடக்காது."

"அம்மாக்காரி என்ன செய்வா?"

"அவளுக்கும் அடின்னா அவளுக்கும் எடம் குடுப்பாக. ரெண்டு பேரையும் சேத்தே வப்பாக."

சிறிது நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "இதெல்லாம் ஜப்பான்காரவுகளுக்கு மட்டுந்தானா? புருஷன் விசாவுல வந்தவுகளுக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ளைன்னா பிள்ளைதான். அடிபட்டு நிக்கறவ கிட்ட பாஸ்போர்ட்டா கேப்பாக?" என்றேன். தாரிகா தட்டைப் பார்த்துக்கொண்டே மென்றுகொண்டிருந்தாள். இன்று ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.

ஜூன் 5, திங்கள்

ஹொனொகாவின் தகப்பன் வந்தான். ஏதோ ராட்சசன் வருவான் என்று பார்த்தால் கோட்டும் டையுமாக, கையில் கடைத்தாள் சுற்றிய இனிப்புப் பெட்டியோடு ஒரு குட்டையான ஆள். "எங்கள் வீட்டால் பள்ளிக்குத் தொந்தரவு" என்று குனிந்தான். தலைமையாசிரியர், தெராஷிமா, நான். டீ வந்தது. மகள் எங்கே என்று கேட்டான். எங்களுக்கே தெரியாது என்றார் தெராஷிமா. உண்மையும் அதுதான்.

"அது அடி இல்லை. கண்டிப்பு" என்றான். "அவளை என்னைவிட யார் நேசிக்கிறார்கள்? நீங்களா?"

தெராஷிமா அந்தச் சன்னக் குரலில், "அவள் முதுகை நான் பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவன் டீக் கோப்பையைத் தூக்கி அவர் முகத்தை நோக்கி எறிந்தான். கோப்பை சுவரில் பட்டுச் சிதறி ஒரு சில்லு அவர் புருவத்தைக் கிழித்தது. வெள்ளைக் கோட்டில் ரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

நான் மேசையைத் தாண்டியது எனக்கே நினைவில்லை. அவன் தலைமுடியைப் பிடித்து முகத்தை மேசையில் வைத்து அழுத்தினேன். இனிப்புப் பெட்டி அவன் கன்னத்துக்குக் கீழே நசுங்கியது. வலது கையைப் பின்னால் கொண்டுவந்து முறுக்கினேன். நினைத்ததைவிட லேசான ஆள். சீக்கிரமே துவண்டுவிட்டான். "சுந்தர் சென்செய், போதும், அவர் அடங்கிவிட்டார்" என்று தெராஷிமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். போதும் என்ற சொல் காதில் விழுந்தது, கைக்குப் போய்ச் சேரத்தான் தாமதமாகியது. காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம்தான் அவன் அலறினான். தோள் நழுவிவிட்டதாம்.

போலீஸ் வந்தது. தற்காப்பு என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். போலீஸ்காரர்கூட எனக்கு ஒரு சல்யூட் வைத்தார். தெராஷிமா மட்டும் புருவத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டிப்பாம்! பெற்ற பிள்ளையை இந்தப் பாடு படுத்திவிட்டு அதற்கு ஒரு பெயர் வேறு. இந்த மாதிரி ஆட்களை நினைத்தாலே ரத்தம் கொதிக்கிறது.

ஜூன் 10, சனி

அதிசயம். செண்பகம் தானாகவே வந்து, "எனக்கும் ஜப்பான் பாஷ சொல்லிக் குடுங்களேன்" என்றாள். சூரியன் எந்தப் பக்கம் உதித்தது என்று ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.

"என்னத்தச் சொல்லித்தர? கத்திரிக்கா வாங்கவா?"

"அந்தப் பிள்ளையோட அம்மாக்காரி போன் போட்டிருந்தா என்ன பேசிருப்பா? அதச் சொல்லித் தாங்க. கத மாதிரி இருந்தா எனக்கு மனசுல நிக்கும்."

நல்ல மாணவிக்கு இதுதான் லட்சணம். சூழ்நிலையோடு சேர்த்துப் படித்தால் பாஷை ஒட்டிக்கொள்ளும், நான் வகுப்பில் செய்வதும் இதைத்தான். டிவி ரிமோட்டைக் காதில் வைத்துக்கொண்டு நான் மைய அதிகாரி ஆனேன். அவள் அந்தத் தாய். முதலில் நான் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். பிறகு கேள்வி பதில். எல்லாம் ஜப்பானிய மொழியில்.

"யார் அடிக்கிறார்?"

"என் கணவர்."

"சத்தமாகச் சொல்லுங்கள்."

"என் கணவர் அடிக்கிறார்."

"குழந்தையையுமா?"

இந்த இடத்தில் தடுமாறிவிட்டாள். "குழந்தையையும்" என்றாள். கண்ணில் தண்ணீர் தளும்பியது. நடிப்பில் பின்னிவிட்டாள் போங்கள். நான் கைதட்டினேன். கைதட்டிய சத்தத்துக்கு அவளும் பக்கத்தில் நின்ற தாரிகாவும் துள்ளிவிட்டார்கள், அதற்கு வேறு சிரிப்பு. தாரிகாவும் வந்து உட்கார்ந்து அம்மாவின் உச்சரிப்பைத் திருத்தினாள். இந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாயிற்று! இப்படியே இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஜூன் 15, வியாழன்

மழைக்காலம். ரயில் முழுக்க ஈரக் குடை நாற்றம். செண்பகம் பாத்திரம் கழுவும்போதும் வாய்க்குள் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்று முகவரி சொல்லும் முறையையும், 'தயவுசெய்து அவரிடம் சொல்லாதீர்கள்' என்பதையும் கேட்டாள். அந்தத் தாய் கட்டாயம் அப்படித்தான் சொல்லியிருப்பாளாம். பணிவும் அவசரமும் சேர்ந்து வரும்படி சொல்லித் தந்தேன். மாடிப்படி, கதவு எண், எல்லாம் சரளமாக வருகிறது. இவளுக்கு மூளை இல்லை என்று இத்தனை நாள் நினைத்தது தப்பு.

ஜூன் 20, செவ்வாய்

ரயில் நின்று நின்று வந்தது. நனைந்து போய் வீட்டுக்கு வந்தால் செண்பகம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் குடையோடு வந்தாள். எங்கே போனாய் என்றால் கடைக்கு என்கிறாள். பையில் ஒன்றுமில்லை. எந்தக் கடை என்று கேட்டேன். கேட்டால் பதில் சொல்ல வேண்டியதுதானே? பேசிக்கொண்டிருக்கும்போது குடை என் கைக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். அதற்குள் தாரிகா நடுவே வந்து விழுந்து, ஜன்னல் திறந்திருப்பது தெரிந்தே, "என் அம்மாவை அடிக்காதீர்கள்" என்று ஜப்பானிய மொழியில் கத்தினாள். ஊருக்கே கேட்கும்படி. தமிழில் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நான் பாடத்தில் சொல்லிக் கொடுத்த சொற்கள், நான் சொல்லிக் கொடுத்த உச்சரிப்பு!

வாயைத்தான் பொத்தப் போனேன்.

மூக்கில் ரத்தம் வந்தது. வெயில் காலத்தில் சில பிள்ளைகளுக்கு வரும். பாயில் விழுந்ததைச் செண்பகம் குளிர்ந்த தண்ணீரில் துடைத்தாள். பிள்ளையின் கைக்கு ஐஸ் வைத்துக் கட்டினோம். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள். நாளைக்கு முழுக்கை போட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

செண்பகம் இந்தத் தடவை அழவில்லை. அது எனக்கு என்னவோ போல இருந்தது. துடைத்து முடித்துவிட்டு, "நாளைக்கு எத்தன மணிக்கு வருவீக?" என்று கேட்டாள். வழக்கம்போலத்தான் என்றேன்.

ஜூன் 21, புதன்

வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பைக் காணவில்லை.

சுவரில் காலண்டரைக் காணவில்லை. கழற்றி மடித்து மேசையில் வைத்திருக்கிறாள். ஓட்டை வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்க்கிறது, என் கைமுட்டி அளவுக்கு. கொடியில் தாரிகாவின் முழுக்கைச் சட்டை மட்டும் தொங்குகிறது. நான் போடச் சொன்ன சட்டை. அரைக்கையோடு பள்ளிக்குப் போயிருக்கிறாள்.

போன் அடித்தது. ஒரு பெண் குரல். "உங்கள் மகள் எங்கள் பாதுகாப்பில் இருக்கிறாள். இடத்தைச் சொல்ல இயலாது. தயவுசெய்து புரிந்துகொள்ளுங்கள்." என் மனைவி எங்கே என்றேன். அதற்கும் அதே பதில். போனைச் சுவரில் எறிந்தேன். குக்கரை எறிந்தேன். கண்ணாடி, தட்டு, கைக்குக் கிடைத்தது எல்லாம். இரண்டாவது ஓட்டை, மூன்றாவது ஓட்டை. விரலிடுக்கில் ரத்தம் வழிகிறது. பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். வாங்கடா, வந்து கேளுங்கடா என்று தமிழில் கத்தினேன். ஒருவரும் வரவில்லை.

ஜூன் 22, வியாழன்

விரிசல் விழுந்த போனில் கோவில்பட்டிக்குப் பேசினேன், செண்பகத்தின் அண்ணனிடம். உன் தங்கச்சி என்ன காரியம் செய்திருக்கிறாள் தெரியுமா, கையில் கிடைத்தால் என்று ஆரம்பித்தேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"தெரியும் மாப்ள. நேத்தே பேசிட்டா. இனிமே இந்த நம்பருக்குக் கூப்புடாதீக" என்று வைத்துவிட்டார்.

பள்ளிக்குப் போகவில்லை. ரயிலில் ஏறி, முதல் நிலையத்திலிருந்து கடைசி நிலையம் வரை போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்கு வெளியே, தண்டவாளத்துப் பக்கம் நின்றேன். ஊழியர் வந்து மிகப் பணிவாக உள்ளே நகரச் சொன்னார். நகர்ந்தேன்.

ஜூன் 26, திங்கள்

ஹொனொகா பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். தாயோடு வேறு ஊரிலிருந்து வருகிறாளாம். அரைக்கைச் சட்டை. தடங்கள் மஞ்சளாக மங்கியிருக்கின்றன, மறைக்கவில்லை. பென்சில் டப்பா மறுபடியும் விழுந்தது. "அச்சச்சோ" என்று சிரித்துக்கொண்டு அவளே எடுத்தாள். போகும்போது என் முன்னால் வந்து நின்று நன்றி சொன்னாள். நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பார்வையை எங்கே பார்த்தேன் என்று ஏப்ரலில் இந்த டைரியில் கேட்டிருந்தேன். எனக்கு அன்றைக்கே தெரியும்.

ஜூன் 29, வியாழன்

குழந்தைகள் நல மையத்தில் என்னை விசாரித்தார்கள். அதிகாரி முப்பது வயதுப் பெண், சாம்பல் நிறச் சட்டை. என்னைவிட உயரம் குறைவு. அறையில் மேசையும் நாற்காலிகளும் தவிர எறிவதற்கு ஒன்றுமில்லை. டீயைக் காகிதக் கோப்பையில் கொடுத்தார்கள். ஏன் காகிதம் என்று எனக்குத் தெரியும்.

"குழந்தையை அடித்தீர்களா?"

"கண்டித்தேன்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. நசுங்கிய இனிப்புப் பெட்டியின் மேல் கிடந்த முகம் கண்முன் வந்தது.

"எதை வைத்து?"

"கையால்" என்றேன்.

வெளியே ரயில் போகும் சத்தம் தேய்ந்து அடங்கியது. "குடையாலும்" என்றேன். பெல்ட் உண்டா என்றார். இல்லை என்றேன், ஏதோ அது ஒரு பெருமை மாதிரி.

மகளைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவள் இப்போது விரும்பவில்லை என்றார். தூங்குகிறாளா? தூங்குகிறாள். சாப்பிடுகிறாளா? "முதல் நாள் குழம்பைச் சிந்திவிட்டாள். எங்கள் ஊழியர் துணி எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். இப்போது பரவாயில்லை." எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் இருந்தது, அந்த ஊழியர் மேல், செண்பகத்தின் மேல், இந்தப் பெண்ணின் மேல். இரண்டில் எது பெரியது என்று சத்தியமாகத் தெரியவில்லை. மேசைக்கு அடியில் என் விரல்கள் மடங்கியே இருந்தன, விரிக்க விரிக்க மடங்கின.

எழுந்திருக்கும்போது அதிகாரி காகிதங்களை அடுக்கிக்கொண்டே, பேச்சுக்குத்தான், கேட்டார்.

"இங்கே போன் செய்கிற வெளிநாட்டுத் தாய்மார்கள் மொழி தெரியாமல் பாதியிலேயே வைத்துவிடுவார்கள். உங்கள் மனைவி அப்படி இல்லை. யார், எங்கே, எந்த மாடி, குழந்தையையுமா என்பது வரைக்கும் எல்லாவற்றையும் ஒரு பிழை இல்லாமல் சொன்னார். அதனால்தான் மறுநாளே எங்களால் போக முடிந்தது. ஜப்பானிய மொழியை யாரிடம் கற்றுக்கொண்டார்?"

"என்னிடம்தான்" என்றேன்.

அவர் மறுபடி உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, அதையும் எழுதிக்கொண்டார்.